சால்வை தரும் வெள்ளாடு

(நீலசந்திராவில் நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டு எது பற்றிப் பேசப் போகிறீர் என்று விழாக் குழுவினர் வினவியபோது, "ஆட்டைப் பற்றி" என்று விடை கூறினோம். சிலர் நகைத்தனர். அவர்களுக்கு ஜான்சன் சந்தை நினைவுக்கு வந்திருக்கலாம். பக்ரீத் நெருங்கும் நாட்களில் இப்பகுதித் தெருவோரங்களில் கட்டப்படும் பன்னூர்க் கிடாக்களைப் பற்றியோ என்று கேட்டவரும் உண்டு. அவற்றைப் பற்றியன்று. சற்று முன்னர் இம்மேடையில் மூத்தோர் சிலருக்குச் சால்வை போர்த்தினோம் அல்லவா? அந்தச் சால்வையைப் பற்றியே பேச வந்துள்ளோம். சால்வையைப் பற்றிப் பேச வேண்டுமாயின் ஓர் ஆட்டிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கின்றது.

'சால்வை' என்பது நம் மொழியில் நன்கு வேரூன்றிய சொல். ஆயினும் அதன் பிறப்பிடம் பாரசீகம். 'ஷால்' என்ற சொல் அங்கிருந்து இந்துத்தானிக்கும், ஆங்கிலத்துக்கும், நமக்கும் வந்தது. இன்று பொன்னாடைக்கு அடுத்த நிலையில் நாம் வழங்கும் பெருஞ்சிறப்பு சால்வையே. நம் கன்னட நண்பர்கள் மைசூர்ப் பேட்டா அணிவித்து, சந்தன மாலையிட்டு, அதனோடு சால்வையும் போர்த்துவர். வியர்வை வழியும் சித்திரை வெயிலிலும் குளிர்நாட்டு ஆடையைப் போர்த்தி மகிழ்வதில் தென்னாட்டார்க்கு நிகர் எவருமில்லை!

நமக்கு ஆடு என்றால் என்ன? இறைச்சி, பால், தோல். வயலில் கிடை மடக்கினால் எரு. வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்நகருக்குக் குடிவந்த நம் முன்னோர் பலர் வீட்டில் இரண்டு மூன்று வெள்ளாடுகளேனும் வைத்திருந்தவரே. கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு என நம் நாட்டு வெள்ளாட்டினங்கள் பல. அவற்றின் மயிர் குட்டையானது, பளபளப்பானது, நூற்பதற்கு ஆகாது. மயிருக்காகவே வெள்ளாடு வளர்ப்பார் உளர் என்று நம் பாட்டிமாரிடம் சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னவரை ஏற இறங்கப் பார்த்திருப்பர்.

செம்மறியின் மயிர் நமக்குப் புதிதன்று. புகார் நகரத்து நெசவாளரைப் பற்றிக் கூறும் சிலப்பதிகாரம், அவர்கள் விலங்கின் மயிரையும் நெய்தனர் என்று குறிக்கின்றது. எந்த விலங்கின் மயிர் என்று அங்குக் கூறப்படவில்லை. சீவக சிந்தாமணியோ எலி மயிரால் ஆகிய கம்பலத்தைப் பேசுகின்றது. எலியின் மயிரைச் சேர்த்து நூற்றவர் எத்துணைப் பொறுமை உடையவரோ, யாம் அறியோம்! நாம் வாழும் இக் கன்னட நாட்டில் குறுபர் எனப்படும் மேய்ப்பர் கரிய தக்காணச் செம்மறியின் மயிரைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்வது நெடுங்கால வழக்கம். சித்திரதுர்க்கை மாவட்டத்துச் சள்ளகெரெ அதற்குப் பேர்பெற்ற ஊர். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு மெரினோ முதலிய அயலினங்களைக் கலந்து ஓர் இனம் உண்டாக்கினர்; அது நீலகிரிச் செம்மறி என்ற பெயருடன் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் பேணப்படுகின்றது. இந்நகரிலேயே 1884இல் தோன்றிப் பின்னி நிறுவனத்தாரின் கீழ் நெடுங்காலம் நடைபெற்ற ஆலையில் கம்பளி நெய்யப்பட்டது. அதில் உழைத்த தமிழர் பலர். இன்று அவ்வாலை ஓடவில்லை.

இவையெல்லாம் செம்மறியின் கதை. வெள்ளாட்டின் கதைக்கு நாம் இந்நாட்டின் வட கோடிக்குச் செல்ல வேண்டும்.

நம் குடியிருப்பில் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் உளர். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள மதராஸ் சாப்பர் படையில் 'தம்பி' என்ற பெயரோடு வாழ்ந்தவரும் உளர். அவர்களுள் லடாக்கில் பணி செய்தோரைக் கேட்டுப் பாருங்கள். லே நகருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பரந்து கிடக்கும் ஓர் உயர்நிலத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதன் பெயர் சாங்தாங். கடல்மட்டத்திற்கு மேல் 14,000 அடிக்குக் குறையாத உயரம். மரம் என்பதே அரிது. மழை மிகக் குறைவு. மூச்சுக்கும் காற்றுப் போதாது. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்கும். சில இரவுகளில் 40ஐயும் எட்டும். அங்கே கூடாரமடித்து வாழ்பவர் சாங்பா என்னும் மேய்ப்பர். அவர்களுடைய வெள்ளாடு சாங்தாங்கி எனப்படும். அதன் உடம்பிலிருந்து கிடைக்கும் மென்மயிரே பஷ்ம். பஷ்மினா என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. ஐரோப்பியர் அதனைத் தாம் கண்ட காசுமீர நாட்டின் பெயராலேயே 'காஷ்மியர்' என்றனர்.

அந்த ஆட்டைக் கண்டால் முதலில் வியப்பேதும் தோன்றாது. நடுத்தர உருவம், பெரும்பாலும் வெண்மை, சிலவற்றுக்குப் பழுப்பும் கருமையும் உண்டு, கொம்புகள் வளைந்தும் முறுக்கியும் இருக்கும். நீண்ட முரட்டு மயிர் உடம்பெங்கும் தொங்கும். அந்த மேல்மயிரை விரலால் விலக்கினால்தான் உள்ளே இருக்கும் அடிமயிர் தெரியும். ஆட்டுக்கு இயற்கை இரண்டு சட்டை தைத்துக் கொடுத்திருக்கின்றது என்று சொல்லலாம். மேற்சட்டை காற்றையும் பனியையும் தடுப்பது. உட்சட்டை உடம்பின் வெம்மையைக் காப்பது. நம் தலைமயிரின் தடிப்பு 50 மைக்ரானுக்கும் மேற்பட்டது. சிலர்க்கு 100ஐயும் நெருங்கும். அந்த அடிமயிரின் தடிப்போ 12 முதல் 15 மைக்ரான் வரையில்தான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கோடை கழிந்து பகற்பொழுது குறுகத் தொடங்கும்போது அடிமயிர் வளரத் தொடங்குகின்றது. பொழுது குறுகுவதை ஆட்டின் உடம்பு அறிந்துகொள்கின்றது. குளிர்காலம் முழுதும் அது ஆட்டைக் காக்கும். வெயில் திரும்பியதும் ஆட்டுக்கு அது வேண்டாததாகி, தோலிலிருந்து தானே கழன்று மேல்மயிருக்குள் சிக்கிக் கிடக்கும். அப்போது, அதாவது மே மாத அளவிலிருந்து சூலை வரையில், சாங்பா மக்கள் ஆட்டைக் கிடத்திக் கால்களைக் கட்டி, நீண்ட பற்களையுடைய சீப்பினால் வாரி எடுப்பர். செம்மறியைப் போலக் கத்தரிப்பதில்லை. வாராமல் விட்டால் கல்லிலும் முட்செடியிலும் உரசி வீணாகும். ஆட்டைக் கொல்லாமல், ஆடு தானே உதிர்ப்பதை எடுத்துக்கொள்ளும் தொழில் இது.

எவ்வளவு கிடைக்கும்? ஓர் ஆட்டுக்கு ஓர் ஆண்டில் ஏறத்தாழ கால் கிலோ. அதுவும் முழுவதும் பயன்படாது. மேல்மயிரும் மண்ணும் தோற்செதிலும் கலந்திருக்கும். அவற்றை நீக்கினால் பாதிக்கும் குறைவாகவே தேறும். ஒரு சால்வைக்கு 150 முதல் 200 கிராம் வரை தூய மயிர் வேண்டும். ஆகவே இரண்டு மூன்று ஆடுகள் ஓராண்டு முழுதும் குளிரில் நின்று வளர்த்ததே ஒரு சால்வை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

சாங்பாக்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. புல் உள்ள இடம் தேடி ஆண்டில் பலமுறை பெயர்வர். அவர்களுடைய கூடாரம் ரெபோ எனப்படும். யாக் என்னும் மலையெருதின் மயிரால் நெய்யப்பட்டது. நம் இலக்கியங்களில் வரும் கவரிமா இந்த விலங்கே என்று கருதும் அறிஞர் உளர்; பதிற்றுப்பத்து கவரியை இமயத்தில் வைத்துப் பேசுவது அக்கருத்துக்குத் துணையாகும். ஆட்டுக்குப் பகை ஓநாயும் பனிச்சிறுத்தையும். ஓநாயைப் பிடிக்க அம்மக்கள் கல்லால் சுவர் எழுப்பிய குழிகளைக் கட்டினர். சாங்தோங் என்பது அவற்றின் பெயர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் இங்கே விளையாட்டாகச் சொல்கிறோம். அங்கே ஆடு நனைந்து குளிரில் விறைத்தால் அழுபவர் மேய்ப்பரே.

இந்த மயிருக்காக நாடுகள் போரிட்டிருக்கின்றன என்றால் வியப்பாக இருக்கும். 1684இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் இடையே திங்மொஸ்காங் என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகக் காசுமீரத்திற்கே செல்ல வேண்டும் என்பது அதன் உட்கருத்து. மயிர் விளையும் இடம் ஒன்று. அதை நூற்று நெய்யும் கை இருக்குமிடம் மற்றொன்று. இடையில் இருந்தவர்க்கே வருவாய் மிகுதி. சம்முவின் குலாப் சிங்குடைய படைத்தலைவர் சோராவர் சிங் 1834இல் லடாக்கின்மேல் படையெடுத்தார். 1841இல் மேற்குத் திபெத்துக்குள்ளும் நுழைந்தார். பஷ்ம் வாணிகத்தைக் கைக்கொள்வது அப்படையெடுப்பின் நோக்கங்களுள் ஒன்று. அவ்வாண்டு திசம்பரில் கடும் பனியிடையே அவர் போரில் மாண்டார். மறு ஆண்டு சூசூலில் உடன்படிக்கை ஏற்பட்டு, பழைய வாணிக ஒழுங்கே நிலைநிறுத்தப்பட்டது.

ஆங்கிலேயர் வேறு வழியை எண்ணினர். மயிர் எதற்கு, ஆட்டையே கொண்டு வந்துவிட்டால் என்ன என்று கருதினர்! 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் தூதர் ஜார்ஜ் போகிளைத் திபெத்துக்கு அனுப்பியபோது, சால்வை மயிர் தரும் விலங்கில் ஓரிரு இணைகளைக் கொண்டு வருமாறு பணித்தார். 1812இல் கம்பெனியின் குதிரைப் பண்ணையைக் கண்காணித்த கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராப்ட் ஒரு நண்பரோடு சாமியார் வேடம் பூண்டு மானசரோவர் வரை சென்று, ஆடுகளை வாங்கி மலையிறக்கினார். அவற்றுட் சில ஸ்காட்லாந்து வரை அனுப்பப்பட்டன; அங்கே இனம் தழைக்கவில்லை. குளிர் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆட்டின் பிறப்பு, மேய்ந்த புல், பகற்பொழுதின் அளவு, மேய்ப்பவரின் பழக்கம் இவை யாவும் கூடியே அம்மயிர் விளைகின்றது. அறிவியலார் வேறு வகையில் முயன்றுள்ளனர். காசுமீரத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் 2012 மார்ச்சு 9ஆம் நாள் பஷ்மினா ஆட்டின் நகலாக்கக் குட்டி ஒன்று பிறந்தது. 'நூரி' என்று அதற்குப் பெயரிட்டனர்.

வேறோர் ஆட்டின் கதை இதற்கு நேர்மாறானது. துருக்கி நாட்டு அங்காராப் பகுதியின் வெள்ளாடு அங்கோரா. அதன் சுருண்ட நீள்மயிர் மொகேர் எனப்படும். தம் ஆட்டினம் பிறநாட்டில் பெருகுவதைத் துருக்கியர் விரும்பவில்லை. இந்தியப் படையில் பணியாற்றிய கர்னல் ஹெண்டர்சன் என்பார் 1838இல் 12 கிடாக்களையும் ஒரு பெட்டையையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார். கிடாக்கள் பன்னிரண்டும் மலடாக்கப்பட்டவை என்பது பின்னரே தெரிந்தது. ஆனால் அந்த ஒற்றைப் பெட்டை சினையாக இருந்தது. வழியிலேயே கிடாக்குட்டி ஒன்றை ஈன்றது! அதிலிருந்து தொடங்கித் தென்னாப்பிரிக்கா இன்று உலகின் மொகேரில் பெரும்பங்கைத் தருகின்றது. கடைகளில் 'அங்கோரா' என்று விற்கும் கம்பளி இவ்வாட்டினுடையதன்று. அது அங்கோரா முயலின் மயிர்.

மீண்டும் காசுமீரத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் நெப்போலியனின் மனைவி சோசபின் முதலான சீமாட்டிகள் காசுமீரச் சால்வையை அணிந்தனர். அதன்பின் ஐரோப்பா முழுதும் அதன்மேல் பித்துக் கொண்டது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊரார் பொறித்தறியில் அதைப் போலவே நெய்து மலிவாக விற்றனர். காசுமீரத் தறியிலிருந்து சென்ற வளைந்த மாங்காய் வடிவத்திற்கு உலகம் பெய்ஸ்லி என்ற பெயரையே சூட்டிவிட்டது. காஞ்சிப் பட்டுக் கரையில் உள்ள மாங்காயைக் காட்டி நம் பெண்கள் கல்லூரியில் இன்று 'பெய்ஸ்லி' என்றே படிக்கின்றனர்.

அந்தச் செல்வக் காலத்திலும் நெய்தவன் செழிக்கவில்லை. சால்வைக்கென்று தனி வரித்துறை இருந்தது. நெசவாளி ஒருவன் ஊதியத்தில் பெரும்பகுதி வரியாகவே போயிற்று. தொழிலை விட்டு நீங்கவும் அவனுக்கு உரிமை இல்லை. 1865 ஏப்பிரல் 29 அன்று சிரீநகரில் நெசவாளர் திரண்டு முறையிடச் சென்றனர். படையினர் அவர்களைத் துரத்த, 28 பேர் உயிரிழந்தனர். வாய்க்காலில் விழுந்து இறந்தோரே மிகுதி. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது பிரெஞ்சு விற்பனை அறுந்தது. 1877இல் தொடங்கிய பஞ்சம் எஞ்சிய நெசவாளரையும் வாட்டியது. தொழில் அழியவில்லை, ஆயின் பழைய நிலைக்கு மீளவுமில்லை.

தாய்மார்களே, இனி யாம் கூறப்போவது பெரிதும் உங்களைப் பற்றியது. பஷ்மினாவை நூற்பவர் பெண்களே. சிரீநகரின் பழைய வீடுகளில், வீட்டு வேலை முடிந்த பின்னர் சன்னலோரம் அமர்ந்து இராட்டையில் நூற்பர். இழை மிக நுண்ணியது. கண்ணுக்கும் விரலுக்கும் பயிற்சி வேண்டும். நூலுக்குக் கூலி எடைக்கன்று, முடிச்சுக்கு. பத்தங்குல அளவுள்ள பத்து இழை கொண்டது ஒரு முடிச்சு. பல ஆண்டுக்காலம் ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாயே கூலியாக இருந்தது. நூறு ரூபாய் வேண்டுமாயின் ஆயிரம் இழை. நீட்டி வைத்தால் 250 மீட்டருக்கும் மேல்! அண்மையாண்டுகளில் சிலர் கூட்டிக் கொடுக்கின்றனர். இருந்தும், தாய் நூற்ற இராட்டையை மகள் தொட விரும்பவில்லை என்றால் அவளைக் குறை கூற யாரால் இயலும்?

பொறி வந்தது. இந்த மயிர் மிக மென்மையானது; பொறியின் இழுப்பைத் தனியே தாங்காது. ஆகவே நைலான் போன்ற செயற்கை இழையைக் கலந்து பொறியில் நூற்கின்றனர். நெய்த பின்னர் அச்செயற்கை இழையை அமிலத்தால் கரைத்து நீக்குவதும் உண்டு. அமிலம் ஆட்டு மயிரையும் நலியச் செய்கின்றது. சால்வை சில ஆண்டுகளிலேயே நைந்துவிடுகின்றது. கை இராட்டையில் நூற்று கைத்தறியில் நெய்ததற்கே 2008இல் 'காசுமீர் பஷ்மினா' என்ற புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பஷ்மினாவை அடையாளம் காணவும் முத்திரையிடவும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019இல் தரம் ஒன்றை வகுத்தது. 2023இல் லடாக் பஷ்மினாவும் தனக்கெனப் புவிசார் குறியீடு பெற்றது.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிர் தொடங்கியதும் இந்நகரின் கடைத்தெருக்களிலும், நம் வீட்டு வாயிலிலும் 'பஷ்மினா' என்று சொல்லிச் சால்வை விற்பர். விலை முந்நூறு ரூபாய். பேரம் பேசினால் இருநூறு. இரண்டு மூன்று ஆடுகளின் ஓராண்டு மயிர், அதை வாரியவர், தூய்மை செய்தவர், நூற்றவள், நெய்தவர், வெளுத்தவர், சுமந்து வந்தவர் அத்தனை பேர்க்கும் அந்த முந்நூறு ரூபாயில் எவ்வாறு பங்கிடுவது? அது விஸ்கோஸோ அக்ரிலிக்கோ ஆகத்தான் இருக்கும். அதை வாங்குவது குற்றமன்று. அழகாகவே இருக்கும், பேருந்தில் போர்த்திச் செல்லலாம். அதனைப் பஷ்மினா என்று நம்பி வாங்குவதுதான் பிழை. விற்பவரை எல்லாம் பொய்யர் என்று கூறுவதும் முறையன்று. ஆண்டுதோறும் மூட்டை சுமந்து நம்மிடம் வரும் காசுமீர வணிகருள் உண்மைப் பொருள் வைத்திருப்பாரும் உளர். முந்நூறு ரூபாய்ச் சால்வையால் முதலில் வாழ்விழப்பவரும் அவர்களே.

மோதிரத்துக்குள் நுழைந்தால் உண்மைப் பஷ்மினா என்பர். மெல்லிய பட்டும் நுழையும், விஸ்கோஸும் நுழையும். ஓரிழையை எரித்துப் பார்த்து, மயிர் தீய்ந்த நாற்றம் வருகிறதா என்று சோதிப்பது ஓரளவு பயன்படும். செயற்கை இழையாயின் உருகிக் கட்டியாகும். ஆனால் செம்மறிக் கம்பளியும் அதே நாற்றத்தைத் தருமாதலால் அதுவும் முடிவான சோதனையன்று. மிகை பளபளப்பு இருக்கலாகாது; நெசவு அச்சடித்தாற்போல ஒரு சீராக இருப்பின் ஐயுற வேண்டும். ஐயம் முழுதும் தீர வேண்டுமாயின் ஆய்வகத்து நுண்நோக்கி ஒன்றே வழி. பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் குறியீட்டு முத்திரையைக் கேட்டு வாங்கலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சாதூஷ் என்று ஒரு சால்வை பேசப்படும். அது வெள்ளாட்டிலிருந்து வருவதன்று. சீரு என்னும் திபெத்திய மானின் மயிர். அதன் மயிரைப் பெற அம்மானைக் கொன்றே ஆக வேண்டும். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். அதன் வாணிகம் சட்டத்தால் விலக்கப்பட்டது. யாரேனும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து மறைவாக விலை பேசினால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

நூற்பவளின் நிலை இதுவாயின் மேய்ப்பவரின் நிலை என்ன? லடாக்கில் ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் பச்சை மயிர் 50 டன் அளவில்தான். உலகச் சந்தையில் இது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. சீனமும் மங்கோலியாவும் தருவதே பெரும்பகுதி. ஆயினும் சாங்பாக் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்குமான வரவு அந்தச் சில வாரச் சீப்பு வேலையில்தான் இருக்கின்றது. 1962 போருக்குப் பின்னர் எல்லை இறுகியது. திபெத்திலிருந்து மந்தையோடு வந்தவரும் அதே புல்வெளியைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. எல்லையோரத்துப் பழைய குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் பலவற்றுக்குச் செல்வதும் அரிதாயிற்று. வெள்ளாடு குளிரைத் தாங்கும், பட்டினியைத் தாங்காது. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த பெரும்பனி புல்லை மூடிவிட, ஆயிரக்கணக்கில் ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன. குட்டி ஈனும் காலமும் குளிர்காலத்தின் கடைசிப் பகுதியே. ஆதலால் குளிர் தாங்காத குட்டிகளைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக் காப்பர்.

கர்னாக் என்பது சாங்பா மேய்ப்பர் பகுதிகளுள் ஒன்று. அங்கிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை கடந்த சில பத்தாண்டுகளில் மந்தையை விற்றுவிட்டு லே நகரின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்புக்கு கர்னாக்லிங் என்றே பெயர். ஊரை விட்டு வந்தவர் ஊர்ப் பெயரைக் கையோடு கொண்டு வருவது எங்கும் உள்ளதே. இந்த நீலசந்திராவில் அதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் விடையும் நமக்குத் தெரிந்ததே: பிள்ளைகளின் படிப்பு, முதியோர்க்கு மருத்துவம், கூலியேயானாலும் மாதந்தோறும் கையில் வரும் பணம். மேய்ப்பர் பிள்ளைகளுக்கென்று பூகா என்னுமிடத்தில் விடுதிப்பள்ளி உண்டு. பள்ளியில் வளரும் பிள்ளை எழுத்தறிகின்றான். ஆட்டின் நடையைக் கண்டே அது நோயுற்றதை அறிவது, வானத்தைக் கண்டு பனி வருமுன் மந்தையைத் திருப்புவது ஆகியவற்றை எங்கே கற்பான்? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் நாள் போதாது. படித்து முடித்தவன் லேயில் சுற்றுலா வண்டி ஓட்டுகின்றான். கோடை நான்கு மாதத்தில் தந்தை ஆண்டு முழுதும் ஈட்டியதை ஈட்டிவிடுகின்றான்.

ஆடுகள் இருக்கின்றன. வாங்குவோரும் இருக்கின்றனர். இரவில் உறைபனியில் எழுந்து பட்டியைப் பார்த்துவர ஆள் இருக்குமா என்பதே இன்றைய கேள்வி.

சில நற்செயல்கள் நடைபெறுகின்றன. சாங்தாங் மேய்ப்பர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இடைத்தரகரிடம் விலை இழக்காமல் மயிரைச் சேர்த்து விற்கின்றனர். மேல்மயிரை நீக்கும் ஆலை லேயிலேயே உண்டு. முன்னெல்லாம் லடாக் மக்கள் பஷ்மை விற்றனரேயன்றிச் சால்வையாக நெய்து விற்கும் வழக்கம் அவர்களிடம் குறைவு. இப்போது அங்குள்ள பெண்கள் கூடி நூற்று நெய்யத் தொடங்கியுள்ளனர். 2017இல் அமைந்த 'லூம்ஸ் ஆஃப் லடாக்' என்ற பெண்கள் கூட்டுறவு அவற்றுள் ஒன்று. ஆட்டை வாரிய கையே நூற்று, அக்கையே நெய்து, விலையையும் தானே சொல்கின்றது. சாயமிடாமல் ஆட்டின் இயல்பான வெண்மையிலும் பழுப்பிலும் நெய்யப்பட்ட துணிகள் அங்கிருந்து வருகின்றன. கோடை விடுமுறையில் லே செல்லும் நம் இளைஞர்கள் அக்கடைகளில் ஒரு முறை நின்று, அத்துணியை விரலிடையே வைத்துப் பார்த்து, இது எந்த ஊர் ஆட்டினுடையது என்று கேட்கலாம். ஊர்ப் பெயரைச் சொல்ல அங்கே ஆள் உண்டு.